எலும்போரச் சிவப்பு

மாமனார் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வருவேன், சாப்பிடுவேனா என்று மட்டும் கேட்காதே என்றும் மகளிடம் சொல்லியிருந்தார்.

மருமகனான மெக்கானிக் பத்து மணிக்கே கரியைப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை நிதானமாகப் பேசி வெளியே இறக்கும் ஆள். இன்று தீப்பெட்டி இரண்டு முறை கையிலிருந்து நழுவியது.

"இன்னிக்கு அப்பா சாப்பிடலன்னா நான் இனிமே கூப்பிட மாட்டேன்," என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். கோபத்தில் சொல்லவில்லை. வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "மூணு தடவை கூப்பிட்டாச்சு. எனக்கும் முகம்னு ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் அங்க போய்க்கறேன். நீங்க இங்க இருந்துக்குங்க. இப்படியே ஓட்டிடலாம்."

பதினோரு மாதமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இதே சிமெண்ட் தரையில், அன்றுதான் வாங்கிவந்த கரி அடுப்பில், தீ கொழுந்துவிட்டு எரிய எரியக் கோழியைப் போட்டான். எட்டு நிமிடத்தில் கறுத்தது. வெந்துவிட்டது என்று நினைத்தான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பச்சைக் கறியை எடுத்த இடுக்கியாலேயே சுட்டதையும் எடுத்துத் தட்டில் வைத்தான். ஐந்து பேருக்கு வயிறு கெட்டது. நான்கு பேர் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மாமனார் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது கிலோ இறங்கினார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

அவர் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் கத்திகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கத்தரிக்கோல் வெளியே போனதில்லை. ஆயுசு முழுக்கக் கிருமியோடு மல்லுக்கட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு அதை மருமகன் கையால் வாங்கித் தின்றார். வார்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். "என்ன சார், அப்படி என்ன சாப்டீங்க?" என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். வயிற்றைவிட அந்தக் கேள்விதான் அவரை அறுத்தது.

அன்றிலிருந்து மெக்கானிக்கோடு அவர் நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான். "உன் வீட்டுக்காரர ஃபேனை நிறுத்தச் சொல்லும்மா." மெக்கானிக் பக்கத்திலேயே நிற்பான். நிறுத்துவான்.

மனைவி பிறந்த வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தனியாக இந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தான். முதலிலிருந்து கற்றான். முதல் மாதம் முழுக்கக் கோழியே இல்லை. வெறும் நெருப்புதான். தீ எரியும்போது எதையும் போடக்கூடாது, கரி மேல் சாம்பல் பூக்கிற வரை காத்திருக்க வேண்டும் என்பது தெரிய நான்கு வாரம் ஆனது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கரி இல்லாத பக்கம் கறியை வைத்து மூடினால், தீ படாமலே சூட்டில் வேகும் என்பது பிறகு தெரிந்தது. அடியில் இருக்கும் ஓட்டை காற்றை இழுக்கும், மூடியில் இருக்கும் ஓட்டை புகையை விடும். இரண்டையும் நூல் பிசகாமல் திறந்து மூடினால் சூடு சொன்ன பேச்சைக் கேட்கும். வாசனைக்காகக் கரி மேல் வைக்கும் கட்டையிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தால் கறி கசக்கும். புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கிற நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். கசந்ததையெல்லாம் அவனே தின்றான். நாய்கூட முகர்ந்துவிட்டுப் போன நாள் உண்டு.

நீள ஊசி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினான். ஐஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். பூஜ்யம் காட்டியது. அதன் பிறகு கண்ணை நம்புவதை விட்டுவிட்டு எண்ணை நம்பினான்.

பதினொன்றரைக்குப் பன்னிரண்டு கோழிக்கால்களைக் கரி இல்லாத பக்கம் வரிசையாக அடுக்கினான். கரி மேல் காய்ந்த கொய்யாக் கட்டை இரண்டு, புகை மெலிந்துவிட்டிருந்தது. மூடினான். சிவப்புப் பிடி போட்ட இடுக்கியைப் பச்சைக் கறித் தட்டோடு உள்ளே அனுப்பிக் கழுவச் சொன்னான். நீலப் பிடி போட்டதைச் சுத்தமான தட்டின் மேல் வைத்தான். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் தெரு அது. கீழிருந்து காற்று ஏறி வந்துகொண்டே இருந்தது. அடி ஓட்டையைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டே காலுக்கு மச்சான் வந்துவிட்டான். மனைவியின் அண்ணன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"என்ன டாக்டர், பேஷண்டெல்லாம் வர ஆரம்பிச்சாச்சா?"

ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் டாக்டர். பதினோரு மாதமாக அதே பெயர்தான்.

"வாங்க மச்சான். அப்பா எங்க?"

"அவரு ஒரு மணின்னா ஒரு மணிதான். அம்மாவையும் என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வருவாரு. நான் முன்னாடியே வந்து நிலவரம் பாக்கலாம்னு வந்தேன்." மூடியைச் சட்டென்று தூக்கினான். குப்பென்று சூடு வெளியே போனது.

"மச்சான், மூடுங்க."

"இருங்க, என்னதான் நடக்குதுன்னு பாக்கறேன். என்னங்க இது, நெருப்பு ஒரு பக்கம் இருக்கு, கோழி ஒரு பக்கம் இருக்கு. ரெண்டும் சண்டையா?"

"மூடுங்க. தொறக்க தொறக்க நேரம் கூடும்."

"போன தடவை நெருப்புலயே போட்டீங்க, அப்பவே வேகல. இப்ப நெருப்பே இல்லாம வேகுமா?"

மெக்கானிக் மூடியை அவன் கையிலிருந்து வாங்கி மூடினான். மூடியில் பதித்திருந்த சூட்டு மீட்டரின் முள் இருபது டிகிரி இறங்கியிருந்தது. அடி ஓட்டையைத் திறந்துவிட்டான். மணி பார்த்தான். பத்து நிமிடம் போச்சு.

மச்சான் பையைப் பிரித்தான். உள்ளே ஒரே ஒரு கோழிக்கால். மசாலா தடவியது. கல் மாதிரி இருந்தது.

"எனக்கு நானே கொண்டுவந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. இன்ஷூரன்ஸ் மாதிரின்னு வெச்சுக்குங்க."

"அது இன்னும் ஐஸா இருக்கு."

"நெருப்புல போட்டா ஐஸ் நிக்குமா?" நீலப் பிடி இடுக்கியை எடுத்து அந்தப் பச்சைக் காலைக் கவ்வினான்.

"அதத் தொடாதீங்க!"

மெக்கானிக் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மச்சான் அப்படியே நின்றான். மெக்கானிக் இடுக்கியைப் பிடுங்கினான். அது பச்சைக் கறியில் பட்டுவிட்டது. இனி அது எதற்கும் ஆகாது. மனைவியிடம் கொடுத்தான்.

"சோப்பு போட்டு, கொதிக்கற தண்ணி ஊத்தி எடுத்துட்டு வா."

"ஒரு இடுக்கிக்கு இவ்வளவு அலப்பறையா?" என்றான் மச்சான். ஆனால் குரல் இறங்கியிருந்தது. கையாலேயே தன் காலைத் தூக்கி, மூடியைத் திறந்து, தணல் மேல் நேராக வைத்தான். கொழுப்பு சொட்டியது. தீ எழும்பியது. "அப்படிப் போடு," என்றான் தீயைப் பார்த்து. அப்புறம் தோட்டத்துக் குழாயில் கையை நனைத்துவிட்டு உள்ளே போனான்.

"சோப்பு மச்சான்!" என்று மெக்கானிக் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

இருபது நிமிடத்தில் மச்சானின் கால் கரிக்கட்டையாகக் கறுத்தது. மெக்கானிக் கழுவிய சிவப்பு இடுக்கியால் அதை அடுப்புக்குள்ளேயே ஓரமாக, மற்றதோடு ஒட்டாமல் தள்ளி வைத்தான்.

ஒரு மணிக்கு மாமனார் வந்தார். சட்டை காலர் இன்னும் அவர் கழுத்துக்குப் பெரிதாகத்தான் இருந்தது. பின்பக்கம் வந்து, போட்டிருந்த நாற்காலிகளில் அடுப்புக்குத் தள்ளி இருந்ததில் உட்கார்ந்தார். மாமியாரும் மச்சானின் மனைவியும் மேசைப் பக்கம் போனார்கள்.

"வாங்க மாமா."

மாமனார் மகளைப் பார்த்தார். "புகை இந்தப் பக்கம் வருதும்மா."

மெக்கானிக் மூடி ஓட்டையை எதிர்ப்பக்கமாகத் திருப்பினான்.

ஒன்றே காலுக்கு ஊசியைக் குத்திப் பார்த்தான். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல். எண்பத்தொன்று. இன்னொன்று. எண்பது. இன்னொன்று. எண்பத்திரண்டு. எழுபத்தைந்து போதும், கால்கறிக்கு எண்பது இருந்தால் நல்லது என்று படித்திருந்தான். மூச்சு விட்டான். தோல் பழுப்பாக, மினுமினுப்பாக, அங்கங்கே வெடித்திருந்தது. கோழியிலேயே இப்படி ஒரு நிறம் அவனுக்கு வாய்த்ததில்லை.

"வாசனை நல்லா இருக்கே," என்றாள் மாமியார். சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

முதல் துண்டை மனைவி தட்டில் வாங்கி, அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கத்தியால் பிளந்தாள்.

கத்தி நின்றுவிட்டது.

தோலுக்குக் கீழே ஒரு பட்டையாக ரோஜா நிறம். எலும்பை ஒட்டி இன்னும் சிவப்பு.

மச்சானின் மனைவி மெதுவாகத் தன் தட்டை மேசையில் வைத்தாள்.

"ரத்தம் மாதிரி இருக்கே," என்றாள் மாமியார்.

எட்டு மாதத்துக்கு முன்பு முதல் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்து மெக்கானிக்கே பயந்து நான்கு கால்களைக் குப்பையில் போட்டான். அப்புறம் தேடிப் படித்தான். புகையில் வெந்த கறி அப்படித்தான் இருக்கும். புகை தோல் வழியாக உள்ளே இறங்கி நிறத்தைப் பிடித்துவைக்கும். இளங்கோழியின் எலும்பிலிருந்து நிறம் கசியும். வெந்த பிறகும் போகாது. அதன் பிறகு எத்தனையோ தடவை தின்றுவிட்டான். பழகிப்போய்விட்டது. பழகிப்போனதால், மற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

"அது ரத்தம் இல்ல அத்தை. புகையில வெந்தா அப்படித்தான் இருக்கும். வெந்துடுச்சு. எண்பத்தொண்ணு காட்டுது."

"எது காட்டுது?" என்றான் மச்சான்.

"தெர்மாமீட்டர்."

"அது சரியா காட்டுதுன்னு எது காட்டுது?"

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை. மனைவி கத்தியைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். மாமனார் அந்தப் பிளந்த கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை வயிற்றின் மேல் போயிருந்தது. அது அவருக்கே தெரிந்திருக்காது.

மெக்கானிக் பிளந்த துண்டையும் மற்றவற்றோடு அடுப்பில் திருப்பி வைத்து மூடினான்.

"காட்டறேன்," என்றான். "தண்ணி கொதிக்க வை. கொதிக்கற தண்ணி நூறு. எல்லாருக்கும் தெரியும். நூறு காட்டினா மீட்டர் சரி."

மனைவி சின்ன கேஸ் அடுப்பையே வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாமனார் மட்டும் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அசைய ஆரம்பித்தது. குமிழ் வந்தது. தளதளவென்று கொதித்தது. மெக்கானிக் ஊசியை விட்டான்.

எண்பது. எண்பத்தெட்டு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு.

நின்றது.

அவன் காத்திருந்தான். தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு. ஊசியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டான். தொண்ணூற்றாறு.

"நாலு காணோமே டாக்டர்," என்றான் மச்சான். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னான்.

குறைவாகக் காட்டுகிறது என்றால் கறி இன்னும் அதிகமாகத்தான் வெந்திருக்கும் என்று ஒரு மனம் கணக்குப் போட்டது. மற்றொரு மனம் கேட்டது: நூறில் நாலு தப்பு என்றால் எண்பதில் எத்தனை தப்பு? எந்தப் பக்கம் தப்பு? நேற்று சரியாக இருந்ததா? நாளைக்கு? தளத்துக்கு நாலு அங்குலம் கீழே நிற்கும் லிஃப்ட்டை, கீழேதானே நிற்கிறது பரவாயில்லை என்று அவன் ஓட விட்டதில்லை. பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

அவன் அடுப்பை அணைக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தான். மேசையில் இருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். தட்டுகள் கிணுகிணுத்தன.

"வேணாம்," என்றான். "யாரும் சாப்பிட வேணாம். வெளியில ஏதாவது வாங்கிட்டு வந்துடறேன்."

"என்னங்க..." என்றாள் மனைவி.

"மீட்டர் சரியில்லம்மா. எனக்கே உறுதியா தெரியல. தெரியாம நான் எப்படிக் குடுக்கறது?"

அவள் முகம் திரும்பிக்கொண்டது. ஒரு கையால் மேசையைப் பிடித்தாள். பதினோரு மாதமும் அந்தக் கையில் தெரிந்தது.

நாற்காலி தரையில் உரசியது. மாமனார் எழுந்தார். பாத்திரத்தின் அருகே வந்து குனிந்து பார்த்தார். ஆவி அவர் கண்ணாடியை மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அவர்கிட்ட சொல்லும்மா," என்றார். "மீட்டர் சரியாத்தான் இருக்கு."

"என்னப்பா?"

"இந்த ஊர்ல தண்ணி நூறுல கொதிக்காது. இவ்வளவு உசரத்துல தொண்ணூத்தாறுதான். முப்பத்தோரு வருஷம் பாத்திருக்கேன். கத்திக்கு நூறே பத்தாது, இங்க நூறும் வராது, அதான் எனக்கு அழுத்தம் குடுக்கற நீராவிப் பெட்டி வாங்கிக் குடுத்தாங்க. வெறும் தண்ணியில கொதிக்க வெச்சா கத்தியில இருக்கற முரட்டுக் கிருமி சாகாது."

"அப்ப கோழி?" என்றான் மச்சான்.

"கோழிக்கு எழுபத்தஞ்சு போதும். அது கத்தி இல்ல."

மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டார். தெர்மாமீட்டரை எடுத்தார். ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினார். மனதுக்குள் எண்ணினார். எடுத்தார்.

"தொறக்கச் சொல்லு."

மெக்கானிக் மூடியைத் திறந்தான். மாமனார் முதல் காலின் தடித்த இடத்தைக் கண்ணால் தேடி, எலும்புக்கு ஒதுங்கிக் குத்தினார். பொறுத்தார்.

"எழுபத்தொம்பது."

மறுபடி தண்ணீரில் முக்கினார். இரண்டாவது. "எண்பது." முக்கினார். மூன்றாவது. "எழுபத்தெட்டு." ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னார். பழைய அறையில் யாரோ எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிற மாதிரி. ஒன்றையும் தாண்டவில்லை. ஒன்பதாவதுக்கு எழுபத்தாறு வந்தது. அவர் நிறுத்தி, வேறு இடத்தில் குத்தினார். "எழுபத்தேழு." நகர்ந்தார். பன்னிரண்டாவது எண்பத்து மூன்று.

"எனக்கு இதெல்லாம் வேணாம்பா," என்றான் மச்சான். அடுப்பு மூலையில் கிடந்த தன் கறுத்த காலைக் கையாலேயே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டான். "பாரு, எப்படி வெந்திருக்குன்னு. இதுல சிவப்புன்னு ஒரு பொட்டு உண்டா? என் சமையல் கண்ணால பாத்தாலே தெரியும்." தோலைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனான்.

"கீழ வை," என்றார் மாமனார்.

"அப்பா, இது நான் கொண்டு..."

"வைடா."

மச்சான் வைத்தான். மாமனார் ஊசியை முக்கி எடுத்து அந்தக் கறுப்புக்குள் இறக்கினார். ஊசி பாதியில் தடுமாறியது. எண் ஏறி, நின்றது. அவர் அதைச் சொல்லவில்லை. மகன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஐம்பத்து மூன்று.

மச்சானின் மனைவி கத்தியால் காலைப் பிளந்தாள். உள்ளே எலும்பைச் சுற்றி நீர் கோத்த மாதிரி, வழவழவென்று, கண்ணாடி போலப் பச்சைக் கறி. "போன வருஷம் ரெண்டு நாள் நான் பாத்ரூம்லயே குடியிருந்தேன்," என்றாள் கணவனிடம். "இந்த வருஷம் உங்க முறைன்னு இருந்தீங்களா?"

மச்சான் வாயருகே போய்வந்த தன் விரல்களைப் பார்த்தான். எழுந்து குழாயடிக்குப் போனான். இந்தத் தடவை சோப்பு எங்கே என்று கேட்டான்.

"அதை அவர்கிட்ட குடு," என்றார் மாமனார் மகளிடம். "இன்னும் வேகணும்."

மெக்கானிக் அந்தக் காலைச் சிவப்பு இடுக்கியால் வாங்கினான். மற்றவை எல்லாவற்றையும் நீலத்தால் சுத்தமான தட்டுக்கு மாற்றினான். மச்சானின் காலைத் தணலுக்குத் தள்ளி, தனியாக வைத்தான். மூடினான். அடி ஓட்டையைப் பாதி திறந்தான். முள்ளைப் பார்த்தபடி நின்றான். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன. தெருவில் மேட்டில் ஏற முடியாமல் ஒரு வண்டி கியர் மாற்றியது. அவன் முள்ளையே பார்த்தான். நூற்று நாற்பது. நூற்று ஐம்பது. முதுகுத் தோல் முழுக்கக் காதாக இருந்தது.

எலும்பிலிருந்து கறி பிய்கிற சத்தம். யாருடையது என்று தெரியவில்லை.

மனைவி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. அடுப்பைப் பார்ப்பது போல நின்றாள்.

"திரும்பாதீங்க," என்றாள் உதடு அசையாமல்.

"சாப்பிடறாரா?"

"திரும்பாதீங்கன்னு சொல்றேன்ல. நீங்க பாத்தா வெச்சிடுவாரு."

"எதை எடுத்தாரு?"

"வெட்டி வெச்சதைத்தான். அந்தச் சிவப்பா இருந்ததை."

மெக்கானிக் மூடியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். சுட்டது. விடவில்லை. மனைவியே பொறுக்காமல் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தாள்.

"என்ன?" என்றான்.

"மென்னுக்கிட்டிருக்காரு."

"முகம் எப்படி இருக்கு?"

"அப்பா முகம் எப்ப எப்படி இருந்திருக்கு?" என்றாள். அவள் குரல் உடைந்து, பாதி சிரிப்பாக வந்தது. "இருங்க. கைய நீட்டறாரு."

"எதுக்கு?"

அவள் மேசைப் பக்கம் நடந்து போனாள். சுட்ட கறித் தட்டில் நீல இடுக்கி உரசும் சத்தம் கேட்டது.